எருக்குவியலுக்கு டிரான்ஸ்பர்

"தலைமை ஆபீஸ்ல உக்காரச் சொல்றாங்க."

"யாரை?"

"என்னைத்தான். வேற யாரை? டிசைன் பிரிவுல. உங்க அண்ணன் வீட்டிலிருந்து ரெண்டே பஸ் ஸ்டாப்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன். ஏசி ரூம்ல உக்காந்து காகிதத்துல பாலம் கட்டுற ஆளா நான்? திங்கட்கிழமைக்குள்ள எழுத்துல பதில் அனுப்பணுமாம். முடியாதுன்னு அனுப்பிடறேன். இங்க வீடு பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். உனக்கு ஓகேதானே?"

"ம்."

"'ம்'னா?"

"ஓகேங்க."

அவ்வளவுதான் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் கணவரோடு தொலைபேசியில் நடந்தது. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து பாப்பாவின் தலைக்குள் அது ஓய்ந்தபாடில்லை. பல் துலக்கும்போது ஒரு முறை ஓடியது. டீ ஆற்றும்போது ஒரு முறை. இப்போது அண்ணியின் நாற்றுப் பண்ணைக்குப் பின்னால், கையில் இரும்பு வாரியோடு எருவைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் ஓடியது.

ஒவ்வொரு முறையும் தன் பதிலை மட்டும் மாற்றிப் பார்த்தாள். ஒன்றில், "உக்காந்துதான் பாருங்களேன்" என்றாள். இன்னொன்றில், "ரெண்டு ஸ்டாப்தானா? நடந்தே போகலாமே, தொப்பையாவது குறையும்" என்று விளையாட்டாகச் சொன்னாள். மூன்றாவதில் எதுவும் சொல்லாமல் அழுதாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை, அழித்துவிட்டாள். சொல்ல வேண்டியது ஒரு சின்ன வாக்கியம். இனிமேல் எங்கேயும் போக வேண்டாம், ஒரே ஊரில் இருந்துவிடலாம். கல்யாணமான புதிதிலிருந்து அந்த வாக்கியத்தையும் மூட்டை கட்டி ஊர் ஊராகத் தூக்கிப் போயிருக்கிறாள். எந்த ஊரிலும் பிரித்ததில்லை.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் இருக்கிறாள் அவளுக்கு. சாயம் பூச மறந்தால் வகிட்டில் எட்டிப் பார்க்கிற நரையும் இருக்கிறது. பிறந்தபோது அண்ணன் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணி வந்தாள், அவளும் பாப்பா என்றாள். கணவர் வந்தார், கோபம் இல்லாத நேரங்களில் அவரும் அப்படியே. கோபம் அவருக்கு அபூர்வம். அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கலே.

அவர் பாலம் கட்டுகிற பொறியாளர். ஒரு ஆற்றின் மேல் பாலம் எழுந்து நின்று முதல் லாரி அதில் ஓடிவிட்டால் அவருக்கு அந்த ஊரில் வேலை முடிந்தது. அடுத்த ஆறு, அடுத்த ஊர். பாலம் வளர்வதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அண்ணி அவருக்கு வைத்த பட்டப்பெயர் பாலக்காரர். எருவுக்குச் சாணம் கொண்டுவந்து இறக்குகிற மாட்டுப் பண்ணைக்காரர் பால்காரர். "ஒருத்தர் பால்காரர், ஒருத்தர் பாலக்காரர். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா பால்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார்" என்பாள் அண்ணி.

இத்தனை ஊர்களில் பாப்பா சில வித்தைகளைக் கற்றிருந்தாள். எந்தப் பாத்திரம் எந்த அட்டைப்பெட்டிக்குள் எந்தப் பாத்திரத்தின் வயிற்றுக்குள் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். பரணில் ஏற்றிய கடைசிப் பெட்டியைப் பிரிக்கவே மாட்டாள். எப்படியும் இறக்கத்தான் போகிறோம். செடி மட்டும் வைப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் தக்காளி, மிளகாய், எலுமிச்சைக் கன்று என்று ஏதாவது. செடியில் பூ வரும். காய் வருகிற நேரம் லாரி வரும்.

இந்த முறை பழைய ஊரைக் காலி செய்துவிட்டு, புது ஊரில் வீடு கிடைக்கும்வரை என்று அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றினாள். அதற்கடுத்த நாள் அண்ணனின் சட்டைகளை நிறவாரியாக அடுக்கினாள். அண்ணன் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். அவர் அதிகம் பேச மாட்டார், அவர் வேன்தான் ஹாரன் அடித்துப் பேசும். அவரே வாய் திறந்து, "என் நீலச் சட்டை எங்கம்மா?" என்று கேட்ட அன்று அண்ணி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பண்ணையின் பின்னால் நிறுத்தினாள்.

பழைய மரச்சட்டங்களை ஆணியடித்துப் பிரித்த மூன்று தடுப்புகள். முதலாவதில் ஒரு ஆள் இடுப்புயரத்துக்கு உலர்ந்த இலையும் வைக்கோலும் காய்கறிக் கழிவும் குவிந்து கிடந்தன.

"இந்தா, இதுதான் உன் ராஜ்ஜியம். இதை மண்ணாக்கு. என் டப்பாவையெல்லாம் விட்டுடு."

அடுக்க வேண்டிய முறையைக் காட்டிக் கொடுத்ததும் அண்ணிதான். கீழே சுள்ளிகள். அதன்மேல் காய்ந்த இலை ஒரு முழம். அதன்மேல் பச்சைக் கழிவு அரை முழம். சாணத்தைக் கரைத்துத் தெளித்து, மறுபடி காய்ந்தது, மறுபடி பச்சை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. சரியாக அமைந்தால் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். சூடு ஏறி இறங்கியதும் இரண்டாம் தடுப்புக்குப் புரட்டிப் போட வேண்டும். அங்கேயும் ஒருமுறை சூடு ஏறி இறங்கினால் மூன்றாம் தடுப்பு. அதில் தொடாமல் ஆறப் போட்டால் கறுத்து, உதிர்ந்து, மழைக்குப் பிந்தைய வாசனையோடு மண்ணாகும்.

பாப்பாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்பது சின்ன வார்த்தை. ராத்திரி படுக்கும்போது நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் கறுப்பைப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். இந்த மண்ணில் எதை நடலாம், அது எப்போது காய்க்கும் என்று யோசித்தாள். தான் வருஷக் கணக்கில் யோசிக்கிறோம் என்பது உறைத்ததும் தூக்கம் போய்விடும். எழுந்து தண்ணீர் குடிப்பாள்.

இன்று சனிக்கிழமை. ஞாயிறு நாளை.

அவள் வாரியைக் குவியலில் குத்தி இழுத்தாள். ஒரு வாரி, தடுப்புக்கு அந்தப் பக்கம். இன்னொரு வாரி, அந்தப் பக்கம். உடம்பு அசைந்தால் மனசு கொஞ்சம் ஓய்ந்தது.

"பாப்பா."

அண்ணி கையில் நீளமான இரும்புக் கம்பியோடு நின்றாள். குவியலின் நடுவில் குத்தி வைத்து எடுத்துத் தொட்டுப் பார்க்கிற கம்பி. பக்கத்துத் தெரு அப்பார்ட்மென்ட் மாடித் தோட்டத்துக்குப் பண்ணையிலிருந்து மண் கொடுப்பதாக அண்ணி ஒப்புக்கொண்டிருந்தாள். அவர்கள் விதை வாங்கிவைத்துவிட்டுத் தினமும் போன் செய்தார்கள். அதனால்தான் பார்க்க வந்திருக்கிறாள்.

"என்ன பண்ற?"

"புரட்டிட்டிருக்கேன் அண்ணி."

"அது தெரியுது. இப்ப எதுக்கு? திங்கட்கிழமைதானே ரெண்டாவதுக்கு மாத்தினோம்?"

அண்ணி குவியலைப் பார்த்தாள். அது பாதி இரண்டாம் தடுப்பிலும் பாதி முதல் தடுப்பிலும் கிடந்தது. முதலில் இருந்ததை இரண்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இல்லை. இரண்டில் இருந்ததை முதலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற மாதிரி இருந்தது.

அண்ணி கம்பியைக் குத்தினாள். கம்பியை உருவித் தொட்டுப் பார்த்தாள். புறங்கையில் வைத்தாள். கடைசியில் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தாள்.

"ஐஸ்கிரீம் மாதிரி இருக்கு."

"அதான் அண்ணி, சூடு வரலையேன்னுதான்..."

"தினமும் புரட்டினியா?"

"காலையில மட்டும்."

"பாப்பா."

"சில நாள் சாயங்காலமும்."

அண்ணி அப்படியே கவிழ்த்துவைத்த வாளி மேல் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று பாப்பா பயந்தாள். அண்ணியின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, சத்தமே வராத சிரிப்பு.

"ஒரு இடத்துல கிடந்தாத்தானேடி அது சூடாகும்! காலையில ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடுன்னா அது பாவம் என்ன பண்ணும்? எருவுக்கே டிரான்ஸ்பர் போட்ட ஆள் இந்த உலகத்துல நீ ஒருத்திதான்."

பாப்பாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வாரியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தேவையில்லாமல் உதறினாள்.

"கெட்டுப்போச்சா அண்ணி?"

"எரு எங்க கெடும்? காஞ்சுபோச்சு, ஆறிப்போச்சு, அவ்வளவுதான். புதுச் சாணம் போட்டு, தண்ணி தெளிச்சு, நெஞ்சுயரத்துக்குக் கட்டி மூடிட்டா பிழைச்சுக்கும். பால்காரருக்குப் போன் போட்டு இன்னைக்கே ஒரு வண்டி கொண்டுவரச் சொல்றேன். அப்பார்ட்மென்ட்காரங்களுக்குப் பழைய எருவுல பாதி கொடுத்துச் சமாளிச்சுக்கலாம்." எழுந்தாள். "ஆனா நீ இதைத் தொடக் கூடாது. போய்க் கல்லாவுல உக்காரு. உக்காரணும். புரியுதா? உக்காருறதுன்னா என்னன்னு தெரியும்ல?"

கல்லாவில் அவளால் உட்கார முடியவில்லை. முதலில் பில் புத்தகத்தை நேராக வைத்தாள். பிறகு பேனாக்களை. பிறகு எழுந்து ரோஜாத் தொட்டிகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள், கற்றாழைகளைப் பின்னால் தள்ளினாள். வாடிக்கையாகக் கற்றாழை வாங்க வருகிற பல் டாக்டர் வழக்கமான இடத்தில் கையை நீட்டி முள்ளில் குத்திக்கொண்டார். ரோஜா முள்.

"கடையை மாத்திட்டீங்களா?"

"இல்ல டாக்டர், கொஞ்சம் நகர்த்தினேன்."

"என் கிளினிக்லயும் ஒரு நர்ஸ் இப்படித்தான். பல்லைத் தவிர எல்லாத்தையும் நகர்த்துவாங்க." விரலைச் சப்பிக்கொண்டே போனார்.

அண்ணி வந்து பார்த்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொன்னியா அவர்கிட்ட?"

"எதை?"

"ஆமா, எனக்குத் தெரியாது பாரு. ராத்திரியெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவு சத்தம் எனக்குக் கேக்காது பாரு."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் அண்ணி."

"உங்கண்ணனை விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?"

"அண்ணன் எப்படிச் சொல்லுவார்? ஹாரன் அடிச்சா?"

"சிரிச்சு மழுப்பாதே. அந்த ஆள் என்ன சிங்கமா புலியா? கேட்டா கடிச்சிடுவாரா?"

"கேட்டா செஞ்சிடுவார் அண்ணி. அதான் பயமா இருக்கு."

அண்ணி அவளையே பார்த்தாள். பாப்பாவுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பாலமும் முடியும்போது ஒரு விருந்து நடக்கும். அவரைப் பேசச் சொல்வார்கள். அவர் கான்கிரீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, தொழிலாளர்களைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்புவார். "எத்தனை ஊர் மாத்தினாலும் என் வீட்டுக்காரி ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அவ இல்லேன்னா இந்தப் பாலம் இல்ல" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். அவர் பொய் சொல்லவில்லை, மனசார நம்பினார். தானே இத்தனை பாலங்களையும் தாங்குகிற தூண் என்று தெரிந்த பிறகு எந்தத் தூண் வாயைத் திறந்து, எனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லும்?

"அவருக்கு ஆறுன்னா உயிர் அண்ணி."

"உனக்கு?"

பாப்பா எழுந்தாள். "நான் போய்ச் சலிக்கிறேன். மூணாவது தடுப்புல உங்க பழைய எரு இருக்குல்ல, அதைச் சலிச்சு மூட்டை கட்டிடறேன். அதைத் தொடலாம்ல?"

"தொட்டுத் தொலை" என்றாள் அண்ணி.

சலிப்பது நல்ல வேலை. சட்டத்தில் அடித்த கம்பி வலையைச் சாய்த்து நிறுத்தி, எருவை அள்ளி வீசினால் பொடி அந்தப் பக்கம் விழும், மக்காத சுள்ளியும் கல்லும் இந்தப் பக்கம் உருளும். பாப்பா அண்ணனின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டி, அள்ளி வீசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வசனம். நான் சொல்றதைக் கேளுங்க. வீச்சு. கோபப்படாம கேளுங்க. வீச்சு. ஒண்ணுமில்ல, சும்மாதான். இப்படித்தான் முடிந்தது ஒவ்வொன்றும்.

"பாப்பா! பால்... காரர் வந்துட்டார்!" முன்பக்கத்திலிருந்து அண்ணியின் குரல்.

தார்ப்பாய்த் திரைக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. பாப்பா திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.

"முதல் தடுப்புப் பக்கம் வாங்க! போன தடவை மாதிரி பாதி தண்ணியா இருந்தா ஒரு கூடைகூட இறக்க விட மாட்டேன், அப்படியே திரும்பிப் போயிடுங்க! இந்தத் தடவையாவது கெட்டியா இருக்கா?"

காலடி நின்றது.

"கெட்டியாத்தான் இருக்கேன். இறங்கலாமா, திரும்பிப் போகணுமா?"

அவள் கையிலிருந்த கூடை நழுவியது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு தோளில் பையோடு அவள் கணவர் நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் பாலக்காரர்னுதானே சொன்னேன்" என்றாள் அண்ணி. "சரியாத்தான் சொன்னேன்."

"நாளைக்குத்தானே வர்றதா..." பாப்பா இழுத்தாள். துண்டு இன்னும் மூக்கின் மேல் இருந்தது.

"சைட்ல இன்னைக்கு லீவு. சீக்கிரம் உன்னைப் பாக்கலாம்னு கிளம்பிட்டேன். கொள்ளைக்காரி மாதிரி இருக்கே!" அவர் சிரித்தார். வெயிலில் கறுத்துப்போயிருந்தார். புது ஊர் அவருக்கு ஒத்துக்கொண்டது. "இதுதான் நீ போன்ல சொல்லிட்டே இருப்பியே, அந்த எருவா?"

"உங்க வீட்டுக்காரி செஞ்ச வேலையைக் கேளுங்க அண்ணே" என்று ஆரம்பித்தாள் அண்ணி. வேண்டாம் என்று பாப்பா கண்ணால் கெஞ்சினாள். அண்ணி எங்கே விட்டாள்? காலை ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டு வழக்கத்தை எருவுக்கும் பழக்கிட்டாளா!"

பிறகு அவர் குவியலைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு பிடி எடுத்தார், முகர்ந்தார், முகம் சுளித்தார். "எதுக்கு தினமும் மாத்தின?"

"ஒரே இடத்துல கிடந்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்துச்சு."

அவர் ஏதோ கேட்கப் போனார். அதற்குள் வெளியே நிஜப் பால்காரரின் வண்டி வந்து நின்றது. வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

சாணம் கெட்டியாகவே இருந்தது. பால்காரர் கொட்டிவிட்டு, "இந்தத் தடவை அம்மா வாயே திறக்கலையே, உடம்பு சரியில்லையா?" என்று அண்ணியிடம் விசாரித்துவிட்டுப் போனார். அவள் கணவர் அதற்குள் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.

"நீங்க எதுக்குங்க? பயண அலுப்பு."

"ஒரு கட்டுமானம் நடக்குது, நான் வேடிக்கை பாக்கணுமா?"

அவர் குவியலின் அகலத்தைக் காலால் அளந்தார். இவ்வளவு அகலத்துக்கு இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினார். நடுவில் காற்றுப் போக வழி இல்லையே என்று கவலைப்பட்டார். பண்ணையின் மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் குழாயைத் தேடி எடுத்து, அதில் ஆணியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, குவியலின் நடுவில் நட்டார். அண்ணி, "தூண் நட்டாச்சு, ரிப்பன் வெட்ட ஆளைக் கூப்பிடவா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். போகும்போது பாப்பாவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதற்கு அர்த்தம் இருந்தது.

இருவருமாக அடுக்கினார்கள். அவள் இலை பரப்பினாள், அவர் சாணம் போட்டார், அவள் தண்ணீர் தெளித்தாள். அவர் கை ஓயவில்லை, வாயும் ஓயவில்லை. புது ஆறு எவ்வளவு அகலம், அடியில் பாறை எப்படிச் சதி செய்கிறது, முதல் தூணுக்குத் தோண்டியபோது என்ன வந்தது. அவள் "ம்" கொட்டினாள். அந்த முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுத்த பிடி இலையை அள்ளினாள். இப்போதா? இந்த அடுக்கு முடியட்டும். இந்த அடுக்கு முடிந்தது. அடுத்த அடுக்கு முடியட்டும்.

"வீட்டைக் காட்டலையே உனக்கு!" கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு அவர் போனை எடுத்தார். "இதோ அடுப்படி, ஜன்னல் இருக்கு பாரு. நீ எப்பவும் ஜன்னல் கேப்பியே. இது பால்கனி."

நல்ல வீடுதான். சுவர் வெள்ளையாக, ஒரு ஆணிகூட இல்லாமல் இருந்தது.

"இந்தத் தடவை ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்றார். குரலில் ஒரு பிள்ளைத்தனமான பெருமை. "லாரிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். சாமான் கொஞ்சம்தான், பாதி இடம் காலியா விடுங்கன்னு. நீ சலிச்சு வச்சிருக்கியே இந்த மண்ணு, இதை மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போகலாம். பால்கனி முழுக்கத் தொட்டி வச்சுடலாம். நீ போன்ல எருவைப் பத்தியே பேசுறப்பல்லாம் நினைச்சுக்குவேன், இவளுக்கு இது பிடிச்சிருக்கு, இதை விட்டுட்டு வரச் சொல்லக் கூடாதுன்னு. எப்படி ஐடியா?"

பாப்பா அவரைப் பார்த்தாள். மூக்கு நுனியில் சாணம். அவள் பேச்சை அவர் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பிடித்ததைக் கவனித்திருக்கிறார், அதற்காக லாரியில் இடம்கூடப் பிடித்திருக்கிறார். இப்படி ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? மோசமான ஆளாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு வாங்கியிருப்பாள்.

"ரொம்ப நல்ல ஐடியாங்க" என்றது அவள் வாய். அந்த வாயைத் தைத்துவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

கடைசி அடுக்காக வைக்கோலைப் பரப்பினார்கள். தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். அவர் பின்னால் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்தார்.

"இனிமே என்ன?"

"இனிமே தொடக் கூடாது. அது பாட்டுக்கு இருக்கணும்."

"எத்தனை நாள்?"

"உள்ள கொதிச்சு அடங்க மூணு வாரம் ஆகும். அப்புறம் ஒரு தடவை புரட்டணும். அப்புறம் ஆறப் போடணும், ரெண்டு மாசம்."

"அடேயப்பா. அதுவரைக்கும் இதை யார் பாத்துக்குவா? உங்க அண்ணிக்குக் கடையைப் பாக்கவே நேரம் இல்லை."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். பாப்பா தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாக இருந்த ஓரம்தான். மறுபடி சரிசெய்தாள். ஒரு மூலையிலிருந்த கல்லைத் தூக்கி அதே மூலையில் வைத்தாள். இந்தப் பக்கம் வந்தாள், அந்தப் பக்கம் போனாள்.

"ஆங், பாப்பா, மறந்தே போயிட்டேன். இங்க வா, இதைப் பாரு." அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தார். "தலைமை ஆபீசுக்குப் பதில். பஸ்லயே எழுதிட்டேன். நீதான் அழகா எழுதுவ, தப்பு இருந்தா திருத்திக் கொடு, அனுப்பிடறேன். 'தாங்கள் என் மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி. ஆயினும் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, களப்பணியிலேயே தொடர விரும்புகிறேன்.' எப்படி?"

"குடும்பச் சூழ்நிலையா?"

"சும்மா ஒரு மரியாதைக்கு. நாற்காலி பிடிக்கலைன்னு எழுத முடியுமா?"

அவர் போனை நீட்டினார். அவள் கை இரண்டும் முழங்கைவரை சாணமாக இருந்தது, வாங்கவில்லை. எட்டிப் பார்த்து ஒருமுறை படித்தாள். குடும்பச் சூழ்நிலை. மறுபடியும் படித்தாள். குடும்பம் என்று அங்கே எழுதியிருப்பது தன்னைத்தான் என்று நினைத்தபோது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வசனங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன.

"தப்பு இருக்கா?"

"இருக்குங்க."

"எங்க? எழுத்துப் பிழையா?"

அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே காத்திருந்தது. கடைப் பக்கத்தில் அண்ணி யாரிடமோ தொட்டிக்கு ஓட்டை அவசியம் என்று சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சாணக் கையாலேயே, கடிகாரம் சட்டை எதையும் பார்க்காமல், இறுக்கமாகப் பிடித்தாள்.

"இதை அனுப்பாதீங்க" என்றாள். குரல் அவள் ஒத்திகை பார்த்த எந்தக் குரலாகவும் இல்லை. "அந்த நாற்காலியை ஒத்துக்குங்க. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும், தெரிஞ்சுதான் கேக்கறேன். எனக்கு மண் மூட்டை வேண்டாம், பால்கனி வேண்டாம், இன்னொரு ஊர் வேண்டாம்ங்க. நாம இங்கேயே இருந்துடலாம்."